பவர்டு சப்வூஃபரில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, நேராக மெயின்ஸில் செருகி ஓட்டும் சப்வூஃபர்களுக்கானது இந்தப் பக்கம். பெட்டியின் பின்பக்கத்து உலோகத் தகட்டில் பவர் சாக்கெட், சுவிட்ச், வால்யூம் குமிழ், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் இருக்கும். அந்தத் தகட்டின் உட்பக்கத்தில்தான் பவர் சப்ளையும் ஆம்ப்ளிஃபயர் போர்டும் பொருத்தப்பட்டிருக்கும். ஃபியூஸ் எந்த நேரத்தில் போகிறது என்று கவனித்தாலே கோளாறு எந்தப் பகுதியில் என்று பாதி தெரிந்துவிடும். மீதிக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு குண்டு பல்பும் போதும்.

ஃபியூஸ் போய்விட்டது. புதிதாக ஒன்று போட்டுப் பார்க்கலாமா?

ஒரே ஒரு முறை போடலாம். பல வருடம் ஓடிய ஃபியூஸ் கம்பி, ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் சூடாகி ஆறி, களைத்துப்போய் அறுவது உண்டு. அப்படியென்றால் புது ஃபியூஸ் போட்டதோடு வேலை முடிந்தது. புதியதும் போனால் அத்தோடு நிறுத்துங்கள். உள்ளே ஒரு பாகம் ஷார்ட் ஆகியிருக்கும் நிலையில் ஒவ்வொரு ஃபியூஸும் போகும் அந்தக் கணத்தில், பக்கத்தில் நல்ல நிலையில் இருக்கும் பாகங்கள் வழியாகவும் பெரிய கரண்ட் பாய்கிறது. ஒரு டயோடு மட்டும் போயிருந்த போர்டு, நான்கைந்து ஃபியூஸ் மாற்றிப் பார்த்த பிறகு டயோடு, டிரான்சிஸ்டர், போர்டின் செம்புத் தடம் என்று நீண்ட பட்டியலோடு வந்து நிற்கும்.

போன ஃபியூஸைப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

கண்ணாடி ஃபியூஸ் என்றால் நன்றாகவே தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் அறுந்து தொங்கினால், கரண்ட் சற்றே அதிகமாகிக் கொஞ்ச நேரம் ஓடி அறுந்திருக்கிறது, அல்லது களைப்பில் அறுந்திருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கக் கருப்பாகவோ வெள்ளிப் பூச்சுப் போலவோ படிந்திருந்தால் நேரடி ஷார்ட். கம்பி ஒரு நொடிகூடத் தாங்காமல் ஆவியாகியிருக்கிறது. இந்த இரண்டாவது வகையைக் கண்டால் இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பலரும் கவனிப்பதில்லை. கம்பி முழுசாக இருக்கும், ஆனால் ஓரத்து உலோகத் தொப்பிக்குள் ஈயம் உருகிக் கழன்றிருக்கும். இது ஹோல்டரின் கோளாறு. கிளிப் தளர்ந்து, பிடிப்பு சரியில்லாமல், அந்த இடமே சூடாகியிருக்கிறது. ஹோல்டரை மாற்றினால் தீரும்.

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர்தான் வழி.

எந்த ஃபியூஸ் போட வேண்டும்? கடையில் ‘2 ஆம்பியர்’ என்று கேட்டால் போதாதா?

போதாது. சப்வூஃபர்களில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் தடிமனும் 20 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஃபியூஸ்தான் இருக்கும். அதன் தொப்பியில் ‘டி 2 ஏ எல் 250 வி’ (T2AL250V) என்பதுபோல ஆங்கில எழுத்துகளில் பொறித்திருக்கும். முதலில் உள்ள ‘டி’ (T) தாமதமாக உருகும் வகை. கடைகளில் ஸ்லோ புளோ என்பார்கள். அந்த இடத்தில் ‘எஃப்’ என்று இருந்தால் வேகமாக உருகும் வகை. மதிப்பைப் போலப் பத்து மடங்கு கரண்ட் பாய்ந்தால் எஃப் வகை 20 மில்லி செகண்டுக்குள் அறுந்துவிடும். டி வகை அந்த 20 மில்லி செகண்டைத் தாண்டியும் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சப்வூஃபரில் சுவிட்ச் போட்டதும் மெயின்ஸ் அலையின் முதல் சில சுற்றுகளுக்கு இழுக்கும் கரண்டைத் தாங்க இந்தத் தாமதம் தேவை. அதில் எஃப் வகையைப் போட்டால் எந்தக் கோளாறும் இல்லாத செட்டிலும் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்பப் போகிறது என்று வரும் செட்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நடுவில் ‘எல்’ என்றால் சாதாரணக் கண்ணாடி வகை. ‘எச்’ என்றால் பெரிய ஷார்ட் கரண்டையும் வெடிக்காமல் துண்டிக்கக்கூடிய, மணல் நிரப்பிய பீங்கான் வகை. ‘எச்’ இருந்த இடத்தில் ‘எல்’ போடாதீர்கள். 32 வோல்ட் என்று பொறித்த ஃபியூஸ் வாகனங்களுக்கானது, மெயின்ஸில் கூடவே கூடாது.

தகட்டில் 230 வோல்ட்டுக்கு ஒரு மதிப்பும் 115 வோல்ட்டுக்கு அதைப்போல இரு மடங்கும் அச்சிட்டிருக்கலாம். அதே வாட்டுக்கு 115 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் தேவை என்பதால் அப்படி. உங்கள் ஊர் மின்சாரத்துக்கு உரிய மதிப்பைப் போடுங்கள்.

கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போட்டால் நிற்குமே?

நிற்கும். அதற்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மர் எரியும், போர்டு கருகும். மரப்பெட்டி, உள்ளே பஞ்சு, ஆள் இல்லாத நேரத்திலும் ஸ்டேண்ட்பையில் கிடக்கும் கருவி. இதில் பெரிய ஃபியூஸ், செம்புக் கம்பி, அலுமினியத் தாள் எதையும் வைக்கவே கூடாது.

எந்த நேரத்தில் போகிறது என்பதை வைத்து எப்படிக் கணிப்பது?

சுவிட்ச் போட்ட அதே கணத்தில், எந்தச் சத்தமும் வருவதற்கு முன்பே போனால், கோளாறு பெரும்பாலும் மெயின்ஸ் நுழையும் பக்கத்தில். வோல்டேஜ் தேர்வு சுவிட்ச் தவறாக இருப்பது, சாக்கெட்டை அடுத்து உள்ள மின்னெழுச்சித் தடுப்பு வட்டு ஷார்ட் ஆவது, பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுகள்), ஸ்விட்ச் மோட் சப்ளையின் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை) மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர், இவைதான் வழக்கமான காரணங்கள்.

ஸ்டேண்ட்பை விளக்கு எரிந்து, ஓரிரு விநாடி கழித்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ‘டிக்’ என்று அடிக்கும் நேரத்தில் போனால், ஸ்டேண்ட்பைக்கான சின்ன சப்ளை நன்றாக இருக்கிறது. ரிலே மூலம் உயிர் பெறும் பெரிய சப்ளையிலோ, அதிலிருந்து ஓடும் ஆம்ப்ளிஃபயரிலோதான் ஷார்ட். ரிலே எதை இணைக்கிறது என்று தடத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகாமல், பாட்டு போட்டதும் போனால் ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தையோ சந்தேகியுங்கள். அரைமணி ஓடிச் சூடேறிய பிறகு போனால் இன்சுலேஷன் தாள், பழைய கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்), நிறம் மாறிய பசை, இவற்றைப் பாருங்கள். பெட்டியை நகர்த்தினாலோ தட்டினாலோ போனால் தளர்ந்த கம்பி அல்லது டிரை சால்டர் (விரிசல் விட்ட ஈயப் பற்று).

ஃபியூஸ் மாற்றும் முன் இந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தாலும் அவருக்குப் பாதி நாள் மிச்சம்.

115/230 சுவிட்ச் தவறாக இருந்தால் என்ன ஆகும்?

115இல் வைத்து 230 வோல்ட் கொடுத்தால் ஃபியூஸ் உடனே போகும். டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் அதன் இரும்புக் கரு காந்தத்தால் நிறைவடைந்து பெரும் கரண்டை இழுக்கும். ஃபியூஸ் சரியான மதிப்பில் இருந்திருந்தால் பல நேரம் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொள்ளும். ஸ்விட்ச் மோட் வகையில் சேதம் அதிகம். 115 நிலையில் அந்த சர்க்யூட் வோல்டேஜை இரட்டிப்பாக்கும் என்பதால், 200 வோல்ட் தாங்கும் இரண்டு கண்டென்சர்களிலும் ஆளுக்குச் சுமார் 325 வோல்ட் ஏறி அவை வெடித்துவிடும். வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த செட் என்றால், பிளக்கை மாற்றுவதற்கு முன் இந்தச் சுவிட்சைப் பாருங்கள். சுவிட்சே இல்லாத செட்டில் தகட்டில் அச்சிட்ட வோல்டேஜ்தான் முடிவு.

திறப்பதற்கு முன் என்னென்ன ஜாக்கிரதை வேண்டும்?

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் நிற்கும். ஸ்விட்ச் மோட் சப்ளையின் பெரிய கண்டென்சரில் 230 வோல்ட் இணைப்பில் சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும், அது உயிரைப் பறிக்கக்கூடியது. ஃபியூஸ் போனதால் உள்ளே மின்சாரம் இருக்காது என்று நினைக்காதீர்கள். சில கோளாறுகளில் கண்டென்சர் வடிய வழியே இல்லாமல் முழுசாகச் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும்.

2.2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கம்பி வைத்துக் கண்டென்சரின் இரு கால்களிலும் பிடியுங்கள். 470 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஐந்தாறு விநாடியில் வடிந்துவிடும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் 10,000 மைக்ரோஃபாரட் இருந்தால் இரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு டிசி வோல்ட்டில் மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிப்பது தடத்தையும் கண்டென்சரையும் சேர்த்துக் கெடுக்கும்.

தகட்டைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஸ்பீக்கர் கம்பி குட்டையாகத்தான் இருக்கும். விளிம்பில் உள்ள நுரை நாடாவும் கிழியாமல் வர வேண்டும், திரும்ப மூடும்போது காற்று கசியாமல் இருக்க அது தேவை.

என் செட்டில் டிரான்ஸ்ஃபார்மரா, ஸ்விட்ச் மோட் சப்ளையா? அது ஏன் முக்கியம்?

வடைபோல வட்டமாகவோ, தகடுகள் அடுக்கிய சதுரமாகவோ கனமான ஒன்று போல்ட் போட்டு நின்றால் அது டிரான்ஸ்ஃபார்மர். அப்படி எதுவும் இல்லாமல், போர்டின் மேலேயே மஞ்சள் நாடா சுற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் பக்கத்தில் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட தடித்த கண்டென்சரும் இருந்தால் ஸ்விட்ச் மோட்.

தேடலின் திசையையே இது மாற்றிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் ஆம்ப்ளிஃபயரில் எங்கே ஷார்ட் ஆனாலும் அந்தச் சுமை நேராக மெயின்ஸ் வரை போகும், ஃபியூஸ் போகும். ஸ்விட்ச் மோட் சப்ளை அப்படி இல்லை. வெளியே ஷார்ட் ஆனால் பெரும்பாலானவை தாமாக நின்று, மறுபடி எழப் பார்த்து, மறுபடி நிற்கும். ‘டிக்… டிக்…’ என்று சத்தம் வரும், விளக்கு மினுக்கும், ஃபியூஸ் போகாது. ஆகவே ஸ்விட்ச் மோட் செட்டில் மெயின் ஃபியூஸ் போனால் முதலில் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தைத் தேடுங்கள். ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சீரிஸ் பல்பு என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

மெயின்ஸின் ஃபேஸ் கம்பியை நேராகச் செட்டுக்குக் கொடுக்காமல் ஒரு பல்பு வழியாகக் கொடுப்பதுதான். ஒரு பலகையில் பல்பு ஹோல்டர், சுவிட்ச், சாக்கெட் மூன்றையும் பொருத்தி, ஃபேஸ் சுவிட்ச் வழியாகப் பல்புக்கும் பல்பிலிருந்து சாக்கெட்டுக்கும் போகட்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகச் சாக்கெட்டுக்கு. இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். எல்இடியும் சிஎஃப்எல்லும் இந்த வேலைக்கு உதவாது.

230 வோல்ட்டில் 60 வாட் பல்பு, செட் முழு ஷார்ட்டாக இருந்தாலும் 0.26 ஆம்பியருக்கு மேல் விடாது. பல்பு முழுதாக எரியும், அவ்வளவுதான். ஃபியூஸும் போகாது, புதிதாக எந்தப் பாகமும் போகாது. ஸ்விட்ச் மோட் செட்டுக்கும் சின்ன செட்டுக்கும் 60 வாட், பெரிய வட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கு 100 வாட் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செட்டில் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து, கண்டென்சர்கள் நிரம்பியதும் ஓரிரு விநாடியில் மங்கி, லேசான சிவப்பிலோ அணைந்தோ நிற்கும். ஷார்ட் உள்ள செட்டில் பிரகாசமாகவே நிற்கும். மங்கியும் பிரகாசமாகியும் மாறி மாறித் துடித்தால் ஸ்விட்ச் மோட் சப்ளை போதிய வோல்டேஜ் இல்லாமல் எழ முயல்கிறது என்றும் இருக்கலாம். அதை ஷார்ட் என்று முடிவு கட்டாமல் 100 வாட் பல்பு மாட்டிப் பாருங்கள். பல்பு இருக்கும்போது ஒலி கொடுத்துச் சோதிக்காதீர்கள்.

பல்பு இருப்பதால் ஷாக் அடிக்காது என்று எண்ண வேண்டாம். உள்ளே முழு மெயின்ஸ் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் ஷார்ட் எங்கே என்று எப்படிக் குறுக்குவது?

சீரிஸ் பல்பை வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் முனையிலிருந்து மெயின்ஸ் பக்கமாக ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை வடித்த பிறகே கழற்ற வேண்டும். முதலில் ஸ்பீக்கர் கம்பி. பல்பு மங்கிவிட்டால் ஸ்பீக்கரிலோ கம்பியிலோ கோளாறு. மங்கவில்லை என்றால் சப்ளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பிளஸ், மைனஸ் கம்பிகளைக் கழற்றுங்கள். சில போர்டுகளில் அந்த வழியில் தனியாக இரண்டு ஃபியூஸ் இருக்கும், அவற்றை உருவினாலே போதும். இப்போது மங்கினால் குற்றவாளி ஆம்ப்ளிஃபயர். இன்னும் பிரகாசமாக எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (வெளிவரும் பக்கத்து) கம்பிகளை ரெக்டிஃபையரிலிருந்து எடுத்துவிட்டு, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். மங்கினால் பிரிட்ஜ் அல்லது கண்டென்சர். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கு முன்னால் உள்ளவையும்தான் மிச்சம்.

டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இருக்கும்போதும் பல்பு எரிகிறது. அது எரிந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். வட்ட டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் போகும் போல்ட்டை முதலில் பாருங்கள். அந்த போல்ட்டின் ஒரு முனை மட்டும்தான் உலோகத் தகட்டைத் தொட வேண்டும். மறுமுனையும் ஒரு பிராக்கெட்டையோ மூடியையோ தொட்டு அது தகட்டோடு சேர்ந்துவிட்டால், போல்ட்டும் தகடும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரின் மேல் ஷார்ட் செய்யப்பட்ட ஒரு சுற்று ஆகிவிடும். அந்த ஒரு சுற்றில் பாயும் பெரும் கரண்ட் ஃபியூஸை உடனே கொன்றுவிடும். யாராவது முன்பே கழற்றி நீளமான போல்ட் போட்டு மாட்டிய செட்டில் இது நடக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாவதாக, பிரைமரிக்கு (மெயின்ஸ் நுழையும் சுருளுக்கு) இணையாக உள்ள மின்னெழுச்சித் தடுப்பு வட்டு. நாணயம் போன்ற நீல அல்லது மஞ்சள் நிறப் பாகம். விரிசலோ கருப்போ தெரிந்தால் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி பல்பில் பாருங்கள்.

இரண்டும் சரி, இன்னும் எரிகிறது என்றால் சுருளுக்குள்ளேயே ஷார்ட். இதை ஓம் அளவில் கண்டுபிடிக்க முடியாது. பிரைமரி சில ஓம்தான் காட்டும், இரண்டு மூன்று சுற்று ஷார்ட் ஆனாலும் அந்த எண்ணில் வித்தியாசம் தெரியாது. சுமை எதுவும் இல்லாதபோது பல்பு எரிவதே அதற்குச் சாட்சி. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றத்தான் வேண்டும்.

ரெக்டிஃபையரையும் கண்டென்சரையும் சோதிப்பது எப்படி?

மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். பிரிட்ஜின் நான்கு டயோடுகளும் ஒரு திசையில் 0.45 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், மறு திசையில் எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது ஒன்று இரண்டு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது ஷார்ட். போர்டில் இருக்கும்போது மீட்டர் முதலில் பூஜ்யத்தை ஒட்டி ஆரம்பித்து மெல்ல ஏறினால், அது கண்டென்சர் சார்ஜ் ஆவது. ஷார்ட் என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். சந்தேகம் வந்தால் பாகத்தைக் கழற்றி வெளியே சோதியுங்கள். மாற்றும்போது அதே கரண்ட், அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல்.

மேல்தட்டு புடைத்த, அடியில் ஈரம் கசிந்த கண்டென்சர்களை அளந்து பார்க்காமலே மாற்றலாம். முழு ஷார்ட் ஆகும் கண்டென்சர் குறைவுதான்.

ஆம்ப்ளிஃபயர் போர்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஹீட்சிங்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டோடு) திருகி வைத்திருக்கும் டிரான்சிஸ்டர்கள் அல்லது மாஸ்ஃபெட்கள். மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களில் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஒரு திசையில் 0.4 முதல் 0.6, மறு திசையில் ஒன்றுமில்லை என்றால் நலம். கேட் காலிலிருந்து மற்ற இரண்டுக்கும் பூஜ்யம் காட்டினால் செத்துவிட்டது. சாதாரண டிரான்சிஸ்டரில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டர் ‘பீப்’ என்று கத்தினால் போய்விட்டது.

செத்ததை மட்டும் மாற்றி ஓட்டுவதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. ஷார்ட் ஆன மாஸ்ஃபெட் தன் கேட் வழியாக, அதை இயக்கும் டிரைவர் ஐசியையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். மேலும் கீழும் உள்ள இரண்டு மாஸ்ஃபெட்களையும் ஜோடியாக மாற்றுங்கள். கேட் ரெசிஸ்டர்களை அளந்து பாருங்கள், பக்கத்து ஜீனர் டயோடுகளையும் பாருங்கள், டிரைவர் ஐசியையும் சேர்த்து மாற்றுங்கள். எமிட்டர் ரெசிஸ்டர்கள் 0.22, 0.33 ஓம் போன்ற சிறிய மதிப்புகள். ஷார்ட்டில் இவை உள்ளே அறுந்துபோயிருக்கும்.

டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் மைக்கா அல்லது ரப்பர் போன்ற ஒரு தாள் இருக்கும். பொடி உலோகத் துகள் குத்தியோ, திருகு அதிகம் முறுக்கியோ அதில் ஓட்டை விழுந்தால், டிரான்சிஸ்டர் நன்றாக இருக்கும்போதே ஷார்ட். அந்தத் திருகைக் கழற்றி டிரான்சிஸ்டரைச் சற்றுத் தூக்கியதும் ஷார்ட் மறைந்தால் தாளை மாற்றுங்கள்.

ஸ்விட்ச் மோட் சப்ளையில்?

வரிசையாக மின்னெழுச்சித் தடுப்பு வட்டு, பிரிட்ஜ், பெரிய கண்டென்சர், பிறகு ஹீட்சிங்கில் இருக்கும் ஸ்விட்சிங் மாஸ்ஃபெட். பெரும்பாலும் கடைசியதுதான். அது போகும்போது சோர்ஸ் காலில் உள்ள ஒரு ஓம்முக்கும் குறைவான கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், கட்டுப்பாட்டு ஐசி மூன்றும் கூடவே போகும். நான்கையும் ஒன்றாக மாற்றாவிட்டால் புது மாஸ்ஃபெட் சுவிட்ச் போட்ட கணமே போகும். இந்தப் பகுதி முழுவதும், சில செட்களில் ஹீட்சிங்க் உட்பட, மெயின்ஸோடு நேராக இணைந்தது. அனுபவம் இல்லாதவர்கள் சப்ளை ஓடும்போது இங்கே அளக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யும் சோதனைகளே போதும்.

ஸ்பீக்கர் ஃபியூஸைப் போக்குமா?

போக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 வரையும், 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரையும் காட்டும். 1 ஓம், 0.5 ஓம் என்றால் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள் வெந்து சுற்றுகள் ஒட்டிக்கொண்டன. பிறகு இரண்டு கையாலும் கோனை (முன்னால் உள்ள கூம்பை) சமமாக உள்ளே அழுத்தி, அப்படியே அசையாமல் பிடித்து மீட்டரைப் பாருங்கள். அசைக்கும்போது காயிலே மின்சாரம் உண்டாக்குவதால் எண் தாறுமாறாக ஓடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிடித்த நிலையில் அளவு மாறினாலோ கரகரவென்று உரசினாலோ காயில் கெட்டுவிட்டது. ஒரு டெர்மினலுக்கும் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்துக்கும் இடையேயும் பாருங்கள், எதுவும் காட்டக் கூடாது. கோனுக்குப் போகும் பின்னல் கம்பி பிரிந்து சட்டத்தில் படுவதும் உண்டு. பெரிய பேஸ் அடியில் மட்டுமே படும் என்பதால் எளிதில் பிடிபடாது.

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று கொல்லும். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 50 வோல்ட் டிசி நேராகக் காயிலுக்குப் போகும். 3.5 ஓம் காயிலில் அது 14 ஆம்பியர், 700 வாட்டுக்கு மேல் வெறும் சூடு. காயில் சில விநாடியில் வேகும். அந்த வெந்த ஸ்பீக்கரைச் சரிசெய்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் அதுவும் போகும். எது போனாலும் மற்றதைச் சோதிக்காமல் இணைக்காதீர்கள்.

சத்தம் அதிகம் வைத்து, பெரிய பேஸ் வரும்போது மட்டும் போகிறது.

கூடுதலாக ஒரு ஸ்பீக்கர் இணையாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு 4 ஓம் இணையாகச் சேர்ந்தால் 2 ஓம், பல ஆம்ப்ளிஃபயர்கள் அதைத் தாங்காது. அடுத்தது, சரியான டி வகை, சரியான மதிப்பு ஃபியூஸா என்பது.

டி கிளாஸ் (Class D, மாஸ்ஃபெட்களை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும்) ஆம்ப்ளிஃபயர்களில் இன்னொரு விஷயம். பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளையில் ஓடும் ஹாஃப் பிரிட்ஜ் வகையில், மிகத் தாழ்ந்த சுருதி நீளமாக ஒலிக்கும்போது ஒரு பக்கச் சப்ளையிலிருந்து எடுத்த ஆற்றலில் கொஞ்சம் மறுபக்கச் சப்ளைக்குத் திரும்பி ஏறும். அந்தப் பக்கத்துக் கண்டென்சர் வறண்டு மதிப்புக் குறைந்திருந்தால் வோல்டேஜ் எகிறி, மாஸ்ஃபெட்டின் எல்லையைத் தாண்டும். சப்வூஃபர் இந்த நிலையிலேயே வாழ்கிறது. ஐந்தாறு வருடம் ஓடிய செட்டில் மாஸ்ஃபெட் மாற்றுவதானால் சப்ளைக் கண்டென்சர்களையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை, சுவிட்ச் போடும்போது மட்டும் போகிறது. மற்றபடி நன்றாக ஓடுகிறது.

இது தொடக்கக் கரண்டின் வேலை. மெயின்ஸ் அலையின் எந்தப் புள்ளியில் சுவிட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து வட்ட டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் கரண்ட் மாறும். மோசமான புள்ளியில் விழும் நாளில் ஃபியூஸ் போகிறது. இதைத் தடுக்க வைத்த தெர்மிஸ்டரை (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டரை) தாண்டி நேர்வழி கொடுக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். தெர்மிஸ்டர் குளிர்ந்தால்தான் கரண்டைத் தடுக்கும். அணைத்த உடனே மறுபடி போட்டால் சூடாகவே இருக்கும், தடுக்காது. ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

உள்ளே பழுப்பு நிறப் பசை கொட்டிக் கிடக்கிறது. அது என்ன?

பாகங்கள் அதிராமல் இருக்கத் தொழிற்சாலையில் ஊற்றியது. புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும். சிலவகைப் பசை வருடக்கணக்கில் சூடுபட்டுப் பழுப்பாகி, கருத்து, மின்சாரம் கடத்த ஆரம்பிக்கும், கம்பிக் கால்களையும் அரிக்கும். இன்னதென்று சொல்ல முடியாமல் விட்டு விட்டுப் போகும் ஃபியூஸுக்கு இது பெரிய காரணம். பிளாஸ்டிக் அல்லது மூங்கில் குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அடியில் இருந்த ரெசிஸ்டர், டயோடு கால்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சை பூத்த கால், உரசினால் முறியும் கால் எல்லாம் மாற்ற வேண்டியவை. கனமான பாகங்களின் ஈயப் பற்றைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரிந்தால் அது டிரை சால்டர், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்ற வையுங்கள்.

செட்டின் ஃபியூஸ் போகவில்லை, வீட்டின் பிரேக்கர் விழுகிறது.

கசிவைக் கண்டறியும் பிரேக்கர் என்றால் ஃபேஸ் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. சாக்கெட், மெயின்ஸ் ஃபில்டர், தகட்டில் நசுங்கிய கம்பி மூன்றையும் பாருங்கள். எர்த் கம்பியை வெட்டிவிட்டு ஓட்டாதீர்கள். உலோகத் தகடு முழுவதும் ஷாக் அடிக்கும்.

காரில் உள்ள பவர்டு சப்வூஃபருக்கும் இதே முறைதானா?

தேடும் முறை ஒன்றுதான், இடங்கள் வேறு. முதலில் செட்டைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் போனால் பாடிக்கும் சீட் ரெயிலுக்கும் இடையே நசுங்கிய பவர் கம்பி. செட்டை மாட்டியதும் போனால், பிளஸ்–மைனஸ் தலைகீழாகக் கொடுத்ததில் பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது 12 வோல்ட்டை உயர்த்தும் பகுதியின் மாஸ்ஃபெட். பேட்டரிக்கு அருகில், 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு முதலில் எப்படி ஓட்டுவது?

சீரிஸ் பல்பில், ஸ்பீக்கர் இல்லாமல். பல்பு மங்கியதும் ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி வோல்ட் அளக்கவும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சில வோல்ட் இருந்தால் வேலை முடியவில்லை. பிறகு பல்பை எடுத்துவிட்டுச் சரியான ஃபியூஸோடு, இன்னும் ஸ்பீக்கர் இல்லாமல், பத்து நிமிடம். ஹீட்சிங்க் சும்மா இருக்கும்போதே கை வைக்க முடியாமல் சுட்டால் அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள். அதன் பிறகு ஸ்பீக்கரை மாட்டி, குறைந்த வால்யூமில் அரைமணி. கடைசியாகத் தகட்டை மூடும்போது நுரை நாடா விட்டுப்போன இடத்தில் புதிதாக ஒட்டி, திருகுகளை எதிரெதிர் மூலையாக முறுக்குங்கள். காற்று கசிந்தால் ‘புஸ்’ என்று சீறும் சத்தம் வரும், கோனும் அளவுக்கு மீறி ஆடும்.

எப்போது போர்டைக் கைவிடலாம்?

செம்புத் தடங்கள் கருகி போர்டே கரியாகியிருந்தால், அல்லது எண் சுரண்டி அழித்த ஐசி போயிருந்தால் நேரத்தைச் செலவிட வேண்டாம். தனியாகக் கிடைக்கும் பிளேட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பொருத்தலாம். பெட்டியில் வெட்டியிருக்கும் துளையின் நீள அகலம், உள்ளே இருக்கும் ஆழம், ஸ்பீக்கரின் ஓம், அது தாங்கும் வாட், இந்த நான்கையும் அளந்துகொண்டு தேடுங்கள். பழைய போர்டில் அந்தப் பெட்டிக்கென்றே பேஸைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட் இருந்திருக்கும். புதியதில் அது இருக்காது, ஒலி கொஞ்சம் மாறும். காற்று போய்வரும் போர்ட் துளை உள்ள பெட்டியில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர் உள்ள ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து எடுங்கள். அது இல்லாவிட்டால் கோன் எல்லை மீறி ஆடி, வாய்ஸ் காயில் காந்தத்தின் பின்தட்டில் மோதும்.